மூன்று ராட்சத மிருகங்களை ஒரே உலகில் இணைப்பது எப்படி?

மூன்று ராட்சத மிருகங்களுக்குத் தனித்தனியே மூன்று திரைக்கதைகளை எழுதி முடித்திருக்கிறீர்கள். ஒரு ரகசிய ஆய்வு அமைப்பை மூன்றிலும் நுழைத்துவிட்டால் அவை ஒரே சினிமா யூனிவர்ஸ், அதாவது பல படங்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரே உலகம், ஆகிவிடுமா, மூன்றும் மோதும் படத்தை எந்த இடத்தில் வைப்பது, படம் முடிந்தபின் வரும் துணுக்குக் காட்சி கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்வைக்கு இது வரிசை பற்றிய கேள்வி. உங்களை உண்மையில் உறுத்துவது வேறொன்று என்று நினைக்கிறேன்: வாய் திறந்து பேசாத, கர்ஜிப்பதும் இடிப்பதுமாகவே இருக்கிற ஓர் உயிரை வைத்துக்கொண்டு தொடர்கதை நடத்துவது எப்படி? நான் 14 ஆண்டுகள் விஷுவல் எஃபெக்ட்ஸ் வேலையில் இருந்தவன். அதில் பின்பாதியைத் தொடர்களுக்கான கதைக்குழுக்களில் கழித்தேன். அந்த அனுபவத்திலிருந்தும், இந்த வகைப் படங்களின் 70 ஆண்டு வரலாற்றிலிருந்தும் சொல்கிறேன். எது உறுதி, எது என் ஊகம் என்பதை அங்கங்கே பிரித்துக் காட்டுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை. சூப்பர்ஹீரோ படங்களைப் பார்த்துத்தான் இன்று பலரும் யூனிவர்ஸ் கட்டக் கிளம்புகிறார்கள். அங்கே நாயகனே கதையைச் சுமந்து செல்கிறான். ஒரு படத்தில் தந்தையை இழந்தவன் அடுத்த படத்தில் அந்தத் துக்கத்தோடு வருகிறான், இன்னொருவனோடு சண்டையிடுகிறான், சமாதானமாகிறான். ராட்சத மிருகத்திடம் இந்த வசதி கிடையாது. அது படத்தில் தோன்றும் நேரமும் குறைவு: 2014இல் கேரத் எட்வர்ட்ஸ் இயக்கிய காட்ஸில்லாவில் தலைப்புக்குரிய மிருகம் திரையில் இருப்பது மொத்தமாகப் 10 நிமிடம்கூட இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், இந்த வகையின் உயிர்நாடியே முதல்முறை பார்க்கும் திகைப்புதான். மலைக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எழும்போது ஊரே அண்ணாந்து பார்க்கும் அந்தக் கணம் ஓர் உலகத்தில் ஒரே ஒருமுறைதான் முழு மதிப்போடு செல்லுபடியாகும். இரண்டாவது மிருகம் வரும்போது அந்த உலகத்து மக்களுக்கு மிருகங்கள் உண்டு என்பது தெரிந்துவிட்டது. ஆகவே நீங்கள் இணைக்க இணைக்க, உங்கள் கையிருப்பிலிருந்த திகைப்பு கரைந்துகொண்டே போகும். அந்த இடத்தை வேறு எதைக் கொண்டு நிரப்புவது என்பதே யூனிவர்ஸ் கட்டுகிறவரின் முழுநேரக் கவலையாக இருக்க வேண்டும்.

இந்த வேலையை முதலில் செய்த ஜப்பானியப் பட நிறுவனமான டோஹோவிடம் திட்டம் என்று எதுவும் இருந்ததாகப் படங்களைப் பார்த்தால் தெரியவில்லை. இஷிரோ ஹோண்டா இயக்கி 1954 நவம்பரில் வெளிவந்த முதல் காட்ஸில்லா தன்னளவில் முடிந்த படம். மிருகமும் சாகிறது, அதைக் கொல்லும் ஆயுதத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானியும் அந்த ரகசியத்தோடு தானும் கடலடியில் சாகிறான். 1956இல் ராட்சதப் பறவைபோன்ற ரோடானும் 1961இல் ராட்சத அந்துப்பூச்சியான மோத்ராவும் தனித்தனிப் படங்களாக, ஒன்றையொன்று அறியாமல் வந்தன. 1964இல்தான் மோத்ரா காட்ஸில்லாவோடு மோதியது. அதே ஆண்டு டிசம்பரில் மூன்றும் ஒரே படத்தில் கூடி, மூன்று தலை கிடோராவை எதிர்த்தன. அதில் ஒரு காட்சியை நீங்கள் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். காட்ஸில்லாவும் ரோடானும் சண்டையிட்டுக்கொண்டிருக்க, புழுப் பருவத்திலிருக்கும் மோத்ரா இடையில் வந்து இரண்டையும் சமாதானத்துக்கு அழைக்கிறது. மிருகங்கள் உறுமுகின்றன, ஓர் அடி உயரமே உள்ள இரட்டைப் பெண்கள் அதை மனிதர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறார்கள். மனிதர்கள் எப்போதும் எங்களைத் துன்புறுத்துகிறார்கள், அவர்களை நாங்கள் ஏன் காப்பாற்ற வேண்டும் என்பது மற்ற இரண்டின் வாதம். மோத்ரா தனியாகவே கிடோராவை எதிர்க்கப் புறப்பட, அதைப் பார்த்து மற்ற இரண்டும் பின்னால் வந்து சேர்கின்றன. வேடிக்கையான காட்சிதான், ஆனால் பொது உலகம் ஒன்று உண்மையில் பிறந்தது அந்த இடத்தில்தான் என்பேன், ஏனென்றால் அதுவரை பேரிடராக இருந்தவை அங்கே பாத்திரங்களாக மாறின.

அந்த மாற்றத்துக்குக் கொடுத்த விலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டு சோதனையின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்து அதிலிருந்த 23 பேரும் கதிர்வீச்சுக்கு உள்ளானார்கள். அந்த ஆண்டின் இறுதிக்குள் வெளிவந்த முதல் படம் ஒரு படகு கடலில் எரிவதோடுதான் தொடங்குகிறது. எரியும் நகரத்தில் ஒரு தாய் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, சீக்கிரமே அப்பாவிடம் போய்விடுவோம் என்று சொல்லும் காட்சி அதில் உண்டு. பத்தே ஆண்டுகளில் அதே மிருகம் வழக்காடுகிறது. 1968இல், மிருகங்களையெல்லாம் ஒரு தீவில் அடைத்து வளர்க்கும் எதிர்காலத்தில், வேற்றுக்கோள்வாசிகளின் ஏவலால் நியூயார்க்கைத் தாக்குகிறது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, சிறுவயதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த 1968ஆம் ஆண்டுப் படம்தான். ஆனால் வணிகம் தேய்ந்து 1975இல் வரிசை நின்றபின், 1984இல் டோஹோ மீண்டும் தொடங்கியபோது இடைப்பட்ட படங்கள் அனைத்தையும் நடக்காதவையாக ஆக்கிவிட்டு முதல் படத்தை மட்டும் வைத்துக்கொண்டது. 1999 முதல் 2004 வரை வந்த படங்களில் பெரும்பாலானவையும் ஏறக்குறைய இதையே செய்தன. இத்தனை அழிப்புகளுக்குப் பிறகும் 1954 மட்டும் தங்கியது என்பது உறுதியான செய்தி. அந்தப் படத்தில் மட்டுமே அழிவு மனிதர்கள் மேல் ஆறாத தழும்பை விட்டது என்பதுதான் காரணம் என்று நான் சொன்னால், அது என் வாசிப்பு.

அந்த வாசிப்புக்கு நான் காட்டும் சாட்சி 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்த இரண்டு படங்கள். 1954இல் செத்த காட்ஸில்லாவின் எலும்புக்கூட்டைக் கடலிலிருந்து எடுத்து, அதையே சட்டகமாக வைத்து ஜப்பான் ஒரு எந்திரக் காட்ஸில்லாவைக் கட்டுகிறது. முதல் போரில் எதிரே நிற்கும் புதிய காட்ஸில்லா கர்ஜித்ததும், எந்திரத்துக்குள் இருக்கும் எலும்புகளின் நினைவு விழித்துக்கொள்கிறது. அது கட்டுப்பாட்டை மீறித் தன்னைக் கட்டியவர்களின் நகரத்தையே நொறுக்குகிறது. அடுத்த படத்தில் மோத்ராவின் இரட்டைப் பெண்கள் வந்து, செத்தவற்றின் எலும்பைக் கடலுக்கே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். அவர்கள் தேடி வருவது 1961ஆம் ஆண்டு மோத்ரா படத்தில் நடித்த ஹிரோஷி கொய்சுமியை. அதே பாத்திரமாக, 42 ஆண்டு முதுமையோடு, பேரனுடன் இருக்கிறார். முதல் படத்தில் கரைந்துபோன மிருகத்துக்கு எலும்பு எப்படி மிஞ்சியது என்று கேட்டால் பதில் சரியாக வராது. இருந்தாலும் மூன்று காலத்துப் படங்கள் அங்கே இயல்பாக ஒட்டிக்கொள்கின்றன. முன்பு நடந்தது இப்போது ஒரு பொருளாக, ஒரு முகமாக, ஒரு கடனாக எதிரே வந்து நிற்பதால் அந்த ஓட்டை கண்ணை உறுத்துவதில்லை.

இனி உங்கள் ரகசிய அமைப்பு. ஹாலிவுட்டில் லெஜண்டரி, வார்னர் பிரதர்ஸ் நிறுவனங்கள் கட்டிய மான்ஸ்டர்வெர்ஸ் என்ற யூனிவர்ஸில் மோனார்க் என்ற அமைப்பு இந்த வேலையைச் செய்கிறது. 2014இல் அறிமுகமாகி, 1973இல் நடக்கும் 2017ஆம் ஆண்டு காங் படத்தில் அந்த ராட்சதக் குரங்கின் தீவுக்கு அது ஆட்களை அனுப்புகிறது. 2019இல் உலகமெங்கும் நிலையங்கள் வைத்திருக்கிறது. 2023இல் தன் பெயரிலேயே ஒரு தொலைக்காட்சித் தொடரையும் பெற்றது. வசதியான கருவி என்பதில் சந்தேகமில்லை: எந்த மிருகத்தையும் எந்த நாட்டிலும் ஒரு கோப்பைத் திறந்து அறிமுகப்படுத்தலாம். ஆபத்தும் அதே வசதியில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் முன்பே அறிந்த ஓர் அமைப்பு கதைக்குள் இருந்தால், திகைக்க வேண்டிய இடத்தில் ஒரு பாத்திரம் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடும். பெயர் சூட்டி, எண் கொடுத்து, திரையில் ஒரு வரைபடத்தையும் காட்டிவிட்டால், மிருகம் பட்டியலில் ஒரு வரியாகிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. 2014ஆம் ஆண்டுப் படம் 1954ஆம் ஆண்டுச் சோதனைகளைச் சோதனைகளே அல்ல, காட்ஸில்லாவைக் கொல்ல எடுத்த முயற்சிகள் என்று மாற்றிச் சொன்னது. இணைப்புக்கு அது மிகவும் கெட்டிக்காரத்தனமான யோசனை. ஆனால் முதல் படத்தில் மனிதனுடைய குற்றமாக இருந்தது இங்கே மனிதனுடைய தற்காப்பாகிவிட்டது. பழைய வரலாற்றைத் திருத்தி இணைக்கும்போது யாருடைய பொறுப்பு அழிகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வசூலை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது என்றாலும் எண்களைச் சொல்கிறேன். 2014ஆம் ஆண்டுப் படம் உலக அளவில் 50 கோடி டாலருக்கு மேலும், 2017ஆம் ஆண்டுக் காங் 55 கோடிக்கு மேலும் ஈட்டின. மோத்ரா, ரோடான், கிடோரா மூன்றையும் ஒரே படத்தில் இறக்கிய 2019ஆம் ஆண்டுப் படம் 40 கோடியை எட்டவில்லை. காட்ஸில்லாவும் காங்கும் சேர்ந்து வந்த 2024ஆம் ஆண்டுப் படம் மீண்டும் 55 கோடியைத் தாண்டியது. ஒவ்வொரு மிருகத்துக்கும் தனிப்படம் தராமல் ஒரேயடியாக இறக்கியதால் 2019இல் சரிந்தது என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள். எனக்கும் அந்தச் சாய்வு உண்டு, ஆனால் போட்டிப் படங்கள், விளம்பரம், வெளியீட்டுத் தேதி என்று பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் அதை ஊகமாகவே வைக்கிறேன். இதற்கு நேர் எதிராக, எந்த யூனிவர்ஸிலும் சேராமல், 1.5 கோடி டாலருக்கும் குறைந்த செலவில் தகாஷி யமசாகி எடுத்த 2023ஆம் ஆண்டு ஜப்பானியக் காட்ஸில்லா 10 கோடி டாலருக்கு மேல் ஈட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கரையும் வாங்கியது. யூனிவர்ஸ் என்பது ஒரு தேர்வு. உங்கள் மூன்று கதைகளில் ஒன்று இப்படித் தனித்து நிற்கக்கூடியதாக இருந்தால் அதை வலிந்து உள்ளே இழுக்காதீர்கள்.

இணைப்புப் பசையாக அமைப்பைவிட வலுவானது அன்றாட வாழ்க்கை என்பது என் அனுபவத்தில் தேறிய விஷயம். கியெர்மோ டெல் டோரோ 2013இல் எடுத்த பசிபிக் ரிம்மில், செத்த மிருகம் ஒன்றின் எலும்புக்கூட்டைச் சுற்றியே ஹாங்காங்கில் ஒரு குடியிருப்பு எழுந்திருக்கிறது. மிருகங்களின் உறுப்புகளை வெட்டி விற்கும் கள்ளச்சந்தை நடக்கிறது. அந்தச் சில காட்சிகள், அந்த உலகில் பல ஆண்டுகளாக மிருகங்கள் வந்துபோகின்றன என்பதை எந்த விளக்க உரையும் இல்லாமல் நம்ப வைக்கின்றன. உங்கள் முதல் மிருகம் கடற்கரை நகரத்தை மிதித்துவிட்டுப் போனபின் அங்கே வீடு வாங்குகிறவன் எத்தனையாவது மாடியைக் கேட்பான், காப்பீட்டு நிறுவனம் எந்த வாசகத்தைச் சேர்க்கும், பள்ளியில் எந்த ஒத்திகை புதிதாக வரும், கால்தடத்தில் தேங்கிய நீர் ஏரியானால் அதற்கு யார் என்ன பெயர் வைப்பார்கள்? இரண்டாவது கதையின் முதல் பத்து நிமிடத்துக்குள் இவற்றில் இரண்டு பின்னணியில் தெரிந்தால் போதும். முதல் படத்தைப் பார்த்தவருக்கு இணைப்பு புரியும், பார்க்காதவருக்கு அது ஒரு விசித்திரமான ஊர், அவ்வளவுதான். கரைந்துபோன திகைப்பின் இடத்தை நிரப்புவதும் இதுதான்: எப்படியும் வந்துவிடும் என்று தெரிந்தவர்களின் அச்சம்.

இரண்டாவது பசை அளவு. இதில் எனக்குச் சொந்தக் காயம் உண்டு. நான் வேலை செய்த ஒரு தொடரில் ஒரே மிருகத்தை இரண்டு குழுக்கள் அசைத்தோம். எங்கள் குறிப்பில் உயரம் 60 மீட்டர். மற்றக் குழுவுக்குப் போன திருத்தத்தில் 90. உருவத்தைப் பின்னால் சுருக்கிச் சரிசெய்துவிடலாம் என்று எல்லோரும் நினைத்தோம். காட்சிகளை அடுத்தடுத்து ஒட்டிப் பார்த்தபோது உருவம் பொருந்தியது, நடை பொருந்தவில்லை; ஒன்று கனமாகவும் மற்றொன்று ஓட்டமாகவும் தெரிந்தது. காரணம் எளிய இயற்பியல். விழும் பொருள் எடுக்கும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: 50 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொட ஏறக்குறைய 3.2 விநாடி ஆகும், 2 மீட்டரிலிருந்து விழுவதற்கு 0.64 விநாடி. மிருக உடையணிந்த 2 மீட்டர் மனிதனை 50 மீட்டர் மிருகமாகக் காட்ட வேண்டுமானால் காலத்தை ஐந்து மடங்கு நீட்ட வேண்டும், அதாவது விநாடிக்கு 24 பிரேமுக்குப் பதிலாக 120 பிரேமில் படம்பிடிக்க வேண்டும். முதல் காட்ஸில்லாவின் சிறப்புக் காட்சிகளை இயக்கிய எய்ஜி சுபுராயாவின் குழு கனத்த ரப்பர் உடைக்குள் நடிகர் ஹருவோ நகாஜிமாவை நடக்கவிட்டு, கேமராவை வேகமாக ஓட்டிப் படம்பிடித்ததன் கணக்கு இதுதான். நடையின் தாளமும் இதே விதிக்கு உட்பட்டது. 60 மீட்டர் மிருகத்தைவிட 90 மீட்டர் மிருகத்தின் காலடி ஏறக்குறைய 22 சதவீதம் மெதுவாக விழ வேண்டும். பார்வையாளருக்கு எண் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

உயரத்தை மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. 1954இல் 50 மீட்டராக இருந்த காட்ஸில்லா 1984இல் 80 மீட்டரும், 1991இல் 100 மீட்டரும் ஆனது, ஏனென்றால் டோக்கியோவின் கட்டடங்கள் அதற்குள் அதைக் குள்ளமாக்கிவிட்டிருந்தன. 2017இல் சுமார் 32 மீட்டராக இருந்த காங், 2021இல் காட்ஸில்லாவுக்கு எதிரே நிற்கும்போது 100 மீட்டரைத் தாண்டியிருந்தது. அந்த வளர்ச்சியை நம்ப வைப்பது 2017ஆம் ஆண்டுப் படத்தில் தீவிலேயே 28 ஆண்டுகள் மாட்டிக்கொண்ட விமானி, இது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று போகிறபோக்கில் சொல்லும் ஒரு வரி. மாற்றம் வரப்போகிறதென்றால் முன்கூட்டியே ஒரு வரியை விதைத்து வையுங்கள். உயரம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகிறது, எலும்பின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான் பெருகுகிறது. ஆகவே இவற்றில் எதுவும் உண்மையில் எழுந்து நிற்கவே முடியாது. பார்வையாளர் அந்த ஒரு பொய்யை மன்னித்துவிட்டுத்தான் படத்துக்கு வருகிறார், படத்துக்குப் படம் பொய்யை மாற்றினால்தான் சலித்துக்கொள்கிறார். மிருகங்கள் ஏன் இருக்கின்றன என்பதற்கும் இதே முறைதான்: கதிர்வீச்சு, பூமியின் உள்ளறை, வேற்றுக்கோள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம் வைக்காமல், மூன்றுக்கும் ஒரே காரணத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். அதைப் படத்தில் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

மோதலை எப்போது வைப்பது என்பதற்கு என் பதில், மூன்றாவது படத்துக்கு முன் வேண்டாம் என்பதே. எல்லாம் ஒன்றுகூடும் படத்தை முன்கூட்டியே அறிவிப்பதில் உள்ள ஆபத்துக்கு, ராட்சத அளவு இல்லாத பேய்-பூத வகையிலிருந்து ஓர் உதாரணம் உண்டு. யுனிவர்சல் நிறுவனம் 2017இல் டார்க் யுனிவர்ஸ் என்று பெயரும் சின்னமும் வைத்து, நட்சத்திரங்களை ஒன்றாக நிறுத்தி எடுத்த புகைப்படத்தையும் வெளியிட்டது. முதல் படமான மம்மி ஏமாற்றியதும் மீதித் திட்டம் நின்றுபோனது. பிறகு 2020இல் அதே சொத்திலிருந்து 70 லட்சம் டாலர் செலவில் தனிப்படமாக எடுத்த இன்விசிபிள் மேன் நன்றாக ஓடியது. உங்கள் நிலையில், முதல் கதையை எந்த இணைப்பும் இல்லாமல் முழுமையாக முடித்துவிடுங்கள். இரண்டாவதை முதலாவது விட்டுப்போன இடிபாட்டில் தொடங்குங்கள். மூன்றாவதில், முதல் இரண்டையும் உயிரோடு கடந்து வந்த ஒரு மனிதரை வையுங்கள். அவர் நாயகராக இருக்க வேண்டியதில்லை, இரு அழிவுகளிலும் வெவ்வேறு விதமாக இழந்தவராக இருந்தால் நல்லது, ஏனென்றால் எந்த மிருகத்தின் பக்கம் நிற்பது என்ற கேள்வியை மிருகங்களால் கேட்க முடியாது, அவரால் முடியும். அமைப்பு கட்டாயம் வேண்டுமென்றால் அதை இரண்டாவது படத்தின் நடுவில், அனுபவமற்றதாக, தவறு செய்யக்கூடியதாகத் தொடங்குங்கள். உரிமை பற்றி நீங்கள் கேட்கவில்லை, சட்டம் என் துறையும் அல்ல. ஆனாலும் டோஹோவின் மிருகங்களை ஹாலிவுட்டே உரிமம் பெற்றுத்தான் பயன்படுத்துகிறது என்பதால், பெயரை மட்டும் மாற்றி காட்ஸில்லாவின் முதுகுத் தகடுகளை அப்படியே வைத்திருப்பதாகத் தெரிகிற உங்கள் இரண்டாவது மிருகத்தின் உருவத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

கடைசியாகத் துணுக்குக் காட்சி. கட்டாயமில்லை, ஆனால் செய்வதென்றால் 2017ஆம் ஆண்டுக் காங் படத்தின் முடிவைப் பாருங்கள். ஓர் இருட்டு அறை, நான்கு பேர், புரொஜெக்டரில் சில குகை ஓவியங்கள்: காட்ஸில்லா, மோத்ரா, ரோடான், கிடோரா. கடைசி ஓவியங்களில் இரண்டு எதிரெதிராக நிற்கின்றன. திரை இருண்டதும் ஒரு கர்ஜனை மட்டும் கேட்கிறது. 1954இல் இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, கான்ட்ராபாஸ் என்ற பெரிய தந்திவாத்தியத்தின் தளர்த்திய தந்திகளைத் தோல் கையுறையால் இழுத்து உருவாக்கிய ஒலியின் வம்சத்தில் வந்த கர்ஜனை அது. அடுத்த படத்தின் கதையிலிருந்து ஒரு வரிகூட அங்கே சொல்லப்படவில்லை.